நீலத் தோடு

நவம்பர் 4

கீழக்கரிசலில் இன்று இரத்தம் எடுத்தோம். கிளம்பும்போதே ஜீப் ஓட்டுநருக்குக் காய்ச்சல். மாத்திரை கொடுத்து ஓட்டச் சொன்னேன். வெள்ளாட்டின் கழுத்தில் நரம்பைத் தேடி ஊசி ஏற்றுவது எனக்குப் பழகிப்போன வேலை. பிடிக்க ஆள் கிடைப்பதுதான் பாடு. சண்முகத்தாய் அக்கா மட்டும் தன் ஆடுகளைத் தானே பிடித்தார். கால்களுக்கு நடுவில் இடுக்கி, தாடையை உயர்த்திக் கொடுத்துவிட்டு, "சீக்கிரம் எடு தாயி, இவ சினையா இருக்கா" என்றார். பன்னிரண்டு ஆடுகள். ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். முடிந்ததும் முட்டைக் குழம்பு ஊற்றிச் சோறு போட்டார். இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

இந்த வருடத்துக்குள் ஆய்வேட்டை முடித்தாக வேண்டும். டிசம்பருக்குப் பிறகு உதவித்தொகை கிடையாது, விடுதி அறையும் பிப்ரவரி வரைதான். ஜனவரியில் உதவிப் பேராசிரியர் வேலைக்கு நேர்முகம் இருக்கும் என்கிறார்கள்.

ஆட்டுக்கொல்லி நோய்க்கு அரசுத் தடுப்பூசி இருக்கிறது. ஐஸை விட்டு வெளியே எடுத்தால் சீக்கிரம் கெட்டுப்போகும். எங்கள் மருந்து வெயில் தாங்கும். அதைத்தான் நான் நிரூபிக்க வேண்டும். ஆகஸ்டில் சீட்டுக் குலுக்கி, கீழக்கரிசலில் பாதி வீட்டு ஆடுகளுக்கு எங்கள் மருந்தைப் போட்டு, காதில் எண் போட்ட மஞ்சள் தோடு மாட்டினோம். மீதிப் பாதிக்கு வெறும் உப்புத்தண்ணீர், நீலத் தோடு. ஊருக்கு இது தெரியாது. "எல்லாருக்கும் ஊசி உண்டு, கலர் எங்க கணக்குக்கு" என்று சொல்லியிருக்கிறோம். ஆய்வு முடிந்ததும் நீலத்துக்கும் மருந்து போட்டுவிடுவோம். நடுவில் ஊருக்குள் நோய் வந்தால் உடனே போட வேண்டும் என்று கல்லூரி நெறிமுறைக் குழுவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

சண்முகத்தாய் அக்காவுக்கு விழுந்தது நீலம்.

நவம்பர் 9

வெள்ளைக் கோட்டு இரண்டையும் ஊறவைத்துத் துவைத்தேன். இரத்தக்கறை போகவில்லை. அம்மா போனில், "முப்பத்தி நாலு வயசுல மவ இன்னும் படிக்கான்னு சொல்ல எனக்குக் கூச்சமா இருக்கு செல்வி" என்றாள். ஜனவரி வரை பொறு என்றேன்.

நவம்பர் 17

மதியம் டாக்டர் சம்சுதீன் கூப்பிட்டார். அந்தப் பகுதியின் அரசுக் கால்நடை மருத்துவர். கல்லூரியில் எனக்கு மூத்தவர். கிழக்கே இருந்து வயல்களில் கிடைபோட வந்த மந்தை ஒன்று பக்கத்து ஊர் வடக்கோடை வழியாகப் போயிருக்கிறது. அதற்குப் பிறகு வடக்கோடையில் ஆடுகளுக்கு மூக்கு ஒழுகுகிறது, கழிகிறது, வாயெல்லாம் புண்.

"ஆட்டுக்கொல்லிதான், சந்தேகமே இல்லை. சுத்தி இருக்கிற ஊருக்கெல்லாம் அக்டோபர்லயே போட்டுட்டேன். உன் ஊரைத்தான் நீ சொன்னேன்னு விட்டு வச்சிருக்கேன். மருந்தோட நிக்கேன், வரட்டுமா?"

அக்டோபரில் அரசு முகாம் போட்டபோது கீழக்கரிசலை விட்டுவிடும்படி நான்தான் கேட்டேன். அரசு ஊசியும் ஏறிவிட்டால் எங்கள் மருந்தின் வேலை எது என்று பிரிக்க முடியாது. ஆய்வு என்றதும் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டார்.

"சார்கிட்ட கேட்டுட்டுச் சொல்லுதேன்" என்றேன்.

என் நெறியாளர் ஜெபமணி சார் அறையில் தேர்வுத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். சொன்னதும் பேனாவை மூடிவைத்தார்.

"கீழக்கரிசலுக்கு வந்திருச்சா?"

"இல்ல சார். ஆனா ரெண்டு ஊர் ஆடும் ஒரே ஓடையிலதான் தண்ணி குடிக்கும்."

"வரலைல்ல?"

"வரலை சார்."

"நாம எழுதிக் குடுத்தது என்ன? ஊருக்குள்ள நோய் வந்தா நீலத்துக்கும் போடுவோம்னு. வரட்டும், போடுவோம்." தாள் கட்டை ஓரமாகத் தள்ளிவைத்தார். "இங்க பாரு செல்வி. ஆட்டுக்கு நோயைக் குடுத்துப் பார்க்க நமக்கு அனுமதி கிடைக்கலை. இப்ப அதுவா வருது. முப்பது வருஷத்துல எனக்கு இப்படி அமைஞ்சதில்லை. நீ இப்ப ஊசியைத் தூக்கிட்டு ஓடினா, மருந்து வேலை செஞ்சுதா இல்லையான்னு யாருக்கும் தெரியாமலே போயிரும். நாளைக்கு லட்சக்கணக்கான ஆட்டுக்குப் போகப்போற மருந்து."

அவர் சொன்னதில் தவறு ஒன்றும் எனக்குத் தெரியவில்லை.

நவம்பர் 18

நிலைமை பார்க்கக் கீழக்கரிசல் போனேன். ஆடுகள் நன்றாக இருக்கின்றன. சண்முகத்தாய் அக்காவின் சினையாடு இரண்டு குட்டி போட்டிருக்கிறது, ஒன்று கறுப்பு, ஒன்று சாம்பல். எங்கள் மருந்துக்கு ஐஸ் தேவையில்லை என்பதால் ஒரு துணிப்பையில் போட்டு எடுத்துப் போயிருந்தேன். எதற்காக எடுத்துப் போனேன் என்று தெரியவில்லை. பையைத் திறக்கவில்லை.

அக்கா நோயைப் பற்றிக் கேட்டார். பேசிக்கொண்டிருந்துவிட்டு வந்தேன். வரும் வழியில் டயர் பஞ்சர்.

நவம்பர் 20

சம்சுதீன் சார் இரண்டு முறை கூப்பிட்டிருக்கிறார். போன் பையில் இருந்தது. இன்குபேட்டரைக் கழுவி, பழைய புட்டிகளைக் கொதிக்கவைத்து அடுக்கினேன். ரொம்ப நாளாகத் தள்ளிப்போட்ட வேலை.

நவம்பர் 21

திருப்பிக் கூப்பிடவில்லை.

நவம்பர் 26

கீழக்கரிசலுக்கு வந்துவிட்டது. மேலத்தெருவில் இரண்டு வீடு. இரண்டும் நீலம்.

ஜெபமணி சாரே ஜீப்பில் வந்தார். மாதிரிகள் எடுத்தோம். விதிப்படி இன்றே நீலத் தோட்டு ஆடுகள் எல்லாவற்றுக்கும் மருந்து போட்டோம். ஊசி போட்டு உடம்பில் எதிர்ப்பு ஏற ஒரு வாரமாவது ஆகும். நோய்க்கு அவ்வளவு பொறுமை கிடையாது. இதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, நானே மூன்றாமாண்டு மாணவர்களுக்கு நடத்தியிருக்கிறேன்.

"எங்களுக்கு மட்டும் எதுக்கும்மா மறுபடியும் ஊசி?" என்று ஒருவர் கேட்டார்.

"பூஸ்டர்" என்றேன்.

நவம்பர் 30

சண்முகத்தாய் அக்காவின் சாம்பல் குட்டி செத்தது. கறுப்பும் பால் குடிக்கவில்லை. கண்ணில் பீளை கட்டி இமை ஒட்டிக்கொண்டிருந்தது. அக்கா உப்புத்தண்ணீரில் துணியை நனைத்துத் துடைத்துவிட்டபடி இருந்தார்.

டிசம்பர் 2

அக்கா வீட்டுத் தாயாடு செத்தது. சவச்சோதனை செய்ய அனுமதி கேட்டதும், "அறுத்துப் பாரு தாயி. என்னத்துக்குச் செத்துச்சுன்னு தெரிஞ்சாச் சரி" என்றார். புளியமரத்தடியில் சாக்கு விரித்து அறுத்தேன். பெருங்குடலின் கடைசிப் பகுதியைப் பிளந்தபோது உள்ளே வரிக்குதிரைத் தோல் மாதிரி சிவப்புக் கோடுகள். பாடப்புத்தகத்தில் பார்த்ததுதான், இவ்வளவு தெளிவாக நேரில் பார்த்ததில்லை. ஆய்வேட்டுக்கு நல்ல படம் கிடைத்தது என்று தோன்றிவிட்டது. வெளிச்சம் சரியாக விழும்படி திருப்பி வைத்து நாலைந்து படம் எடுத்தேன். நிமிர்ந்தால் அக்கா எதிரே நிற்கிறார்.

"என்ன கண்டுபிடிச்ச?"

"ஆட்டுக்கொல்லிதான்க்கா."

"அதான் ஊசி போட்டோமே."

கையுறையைக் கழற்றுவதுபோல் குனிந்துகொண்டேன்.

டிசம்பர் 5

நீலத் தோட்டு ஆடுகள்தான் சாகின்றன என்பதை ஊர் கவனித்துவிட்டது. நீலம் ராசியில்லை என்று நேற்று யாரோ சொல்ல, இன்று காலை போனபோது எல்லோரும் கத்தரிக்கோலும் அரிவாள்மணையுமாகத் தோடுகளை அறுத்து எறிந்துகொண்டிருந்தார்கள். காது கிழிந்து இரத்தம் வடியும் ஆடுகள். "தோட்டுல ஒண்ணுமில்ல, அறுக்காதீங்க" என்று சொல்லிக்கொண்டே தெருத்தெருவாக நடந்தேன். தோட்டின் எண் போனால் கணக்கு குழம்பும்.

அந்த நேரத்திலும் எனக்கு எண்தான் பெரிதாக இருந்தது.

டிசம்பர் 14

கணக்கு முடிந்தது. மஞ்சளில் ஒன்றுகூடச் சாகவில்லை. நீலத்தில் பாதிக்கு மேல் போய்விட்டன. ஜெபமணி சார் தாளை இரண்டு முறை படித்துவிட்டு எழுந்து வந்து என் கையைக் குலுக்கினார். துறையில் எல்லோருக்கும் அல்வா வாங்கிக் கொடுத்தார். ஐந்து வருடமாக இந்த நாளை நினைத்துத்தான் விடுதிச் சாப்பாட்டைச் சாப்பிட்டேன். என் பங்கு அல்வாவைக் காகிதத்தில் மடித்து மேசையிலேயே வைத்துவிட்டேன்.

நவம்பர் 18இல் எழுதாமல் விட்டதை எழுதிவிடுகிறேன்.

அன்றைக்கு அக்கா ஆடுகளுக்கு வேப்பங்குழை கட்டிக்கொண்டே கேட்டார். "வடக்கோடையில ஆடு கொத்துக்கொத்தா சாகுதுன்னு சொல்லுதாக. எம் மவ வீட்டுப் பக்கம் இந்தச் சீக்கு இல்ல. ஒரு மாசம் அங்க ஓட்டிட்டுப் போயிரலாமான்னு நெனைக்கேன். நீ என்ன தாயி சொல்லுத?"

நான் சொன்னேன்: "நாமதான் ஊசி போட்டிருக்கோம்லக்கா. பயப்படாதீங்க. இங்கயே இருக்கட்டும்."

பயப்படாதீங்க என்றதைக்கூட வாய்தவறி வந்த ஆறுதல் என்று சொல்லிக்கொள்ளலாம். இங்கயே இருக்கட்டும் என்றது அப்படியில்லை. ஓட்டிக்கொண்டு போனால் பன்னிரண்டு நீலம் என் கணக்கிலிருந்து போய்விடும். அதை யோசித்துத்தான் சொன்னேன்.

பன்னிரண்டில் மிச்சம் மூன்று. குட்டிகள் இரண்டும் இல்லை.

ஜனவரி 8

நேர்முகம். நீலக்கரைப் பட்டுப்புடவையைத்தான் அம்மா எடுத்துக் கொடுத்தாள். வேண்டாம் என்று பச்சையைக் கட்டிக்கொண்டேன். ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். படங்களைப் பார்த்துவிட்டு நடுவில் இருந்தவர் கேட்டார். "ஆய்வு நடக்கும்போதே இயற்கையா நோய் வந்தது பெரிய அதிர்ஷ்டம், இல்லையா?"

"ஆமா சார்" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

ஜனவரி 29

வேலை உத்தரவு வந்துவிட்டது. மார்ச்சில் சேர வேண்டும். அம்மா போனில் அழுதாள். "உங்க அப்பா இருந்து பார்க்கலையே" என்றாள்.

பிப்ரவரி 5

கீழக்கரிசல் பள்ளிக்கூடத்தில் கல்லூரி சார்பில் கால்நடை வளர்ப்போர் கூட்டம். மஞ்சள் தோட்டுக்காரர்கள் பந்தல் போட்டிருந்தார்கள். ஒருவர் எனக்குச் சால்வை போர்த்தி, "இந்தப் புள்ளையாலதான் எங்க ஆடு பொழைச்சுது" என்றார். ஜெபமணி சார் பேசினார். புதிய மருந்தின் பெருமையைச் சொல்லி முடிக்கும்போது, "மருந்து மட்டும் போதாது, பராமரிப்பும் வேணும். ஆட்டுக்கொட்டம் சுத்தமா இருந்தா நோய் அண்டாது" என்றார். எல்லாக் கூட்டத்திலும் சொல்வதுதான்.

சண்முகத்தாய் அக்கா கடைசி வரிசையில் இருந்தார். கூட்டம் கலைந்ததும் என்னிடம் வந்தார். மெலிந்துவிட்டார்.

"சார் சொன்னது சரிதான் தாயி. ஆனா நான் தெனமும் ரெண்டு நேரம் கூட்டுதேன். சாம்பல் போடுதேன். எங்க தப்பு விட்டேன்னுதான் தெரியல. எங்க வீட்டு மருமவன் சொல்லுதாரு, தீட்டோட கொட்டத்துக்குள்ள போயிருப்பீங்கன்னு. போகல தாயி."

"உங்க மேல ஒரு தப்பும் இல்லக்கா" என்றேன்.

"நீ நல்ல மனசுக்காரி, அப்படித்தான் சொல்லுவ" என்று என் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போனார்.

ஜீப்பில் ஜெபமணி சார் பேசிக்கொண்டே வந்தார். சால்வை மடியில் கிடந்தது.

பிப்ரவரி 11

பஸ்ஸில் போனேன். அக்கா வாசலில் சுளகில் துவரை புடைத்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொல்லிப் பாயை விரித்தார். நான் நின்றபடியே சொன்னேன். உட்கார்ந்தால் சொல்ல முடியாமல் போய்விடும் என்று பயம்.

"அக்கா, ஆகஸ்ட்ல உங்க ஆட்டுக்குப் போட்டது மருந்து இல்ல. உப்புத்தண்ணி. நீலத் தோடு எல்லாத்துக்கும் அதான்."

அவருக்குப் பிடிபடவில்லை. "தண்ணிய எதுக்கு ஊசியில ஏத்தணும்?"

விளக்கினேன். மருந்து போட்டதையும் போடாததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் மருந்தின் பலன் தெரியும் என்றேன். வகுப்பில் சொல்லும்போது எவ்வளவு எளிதாக இருக்கும் வாக்கியம். சுளகைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"அன்னைக்கு நான் மவ வீட்டுக்கு ஓட்டிட்டுப் போறேன்னு சொன்னேன்ல?"

"சொன்னீங்க."

"அப்பவே ஒனக்குத் தண்ணின்னு தெரியும்."

"தெரியும்க்கா."

"பையில மருந்து வச்சிருந்தியா?"

எப்படிக் கேட்டார் என்று தெரியவில்லை. அன்றைக்குத் துணிப்பையை நான் மார்போடு அணைத்துக்கொண்டு நின்றிருக்கலாம். "வச்சிருந்தேன்" என்றேன்.

சுளகில் கிடந்த துவரையைக் கையால் ஒதுக்கினார். பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடி நின்றது.

"வேலை கெடைச்சிருச்சுன்னு சொன்னாங்களே?"

"கெடைச்சிருச்சுக்கா. போன மாசம்."

"அப்ப வேலை கெடைச்ச பெறவுதான் சொல்ல வந்திருக்க."

அழுகை வந்தது. இங்கே அழ எனக்கு உரிமையில்லை என்று பட்டதால் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"எனக்கு மட்டும் சொன்னா எப்படி? ராசி, தீட்டுன்னு எல்லாரும் ஒருத்தர ஒருத்தர் பழி சொல்லிட்டு இருக்காக. நாளைக்குக் காலையில வா. நீலத் தோட்டுக்காரகளை எல்லாம் கூப்பிடுதேன். இதே மாதிரி நின்னு சொல்லு."

பிப்ரவரி 12

போகாமல் இருந்துவிடலாம் என்று காலையில் ஒருமுறை நினைத்தேன். போனேன்.

ரேஷன் கடை முன்னால் நீலத் தோட்டுக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். தண்ணீர் ஊசியையும், நோய் வருவது தெரிந்தும் காத்திருந்ததையும் சொன்னேன். யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். முத்தையா என்ற பெரியவர், "எங்க ஆட்டை வச்சுத்தான் படிச்சியாக்கும்" என்று மட்டும் கேட்டுவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார். அவர் பின்னால் நாலைந்து பேர். மீதிப் பேரில் ஒரு பெண் கேட்டாள், "உங்க ஆபீஸுக்கு இது தெரியுமா?"

"தண்ணின்னு தெரியும். தெரிஞ்சே காத்திருந்தது தெரியாது."

"சொல்லுவீங்களா?"

சண்முகத்தாய் அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "சொல்லுதேன்" என்றேன்.

பிப்ரவரி 16

நெறிமுறைக் குழுவுக்கு எல்லாவற்றையும் எழுதினேன். வடக்கோடையில் நோய் வந்தது தெரிந்தும் காத்திருந்தது, சம்சுதீன் சாருக்குப் பதில் சொல்லாதது, அக்காவிடம் சொன்ன வார்த்தைகள். அனுப்பும் முன் ஜெபமணி சாரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். நின்றுகொண்டே படித்தார்.

"இதுல விதியை எங்க மீறியிருக்கோம், சொல்லு பார்ப்போம். ஊருக்குள்ள வந்த அன்னைக்கே போட்டோம்."

"அக்காகிட்ட நான் சொன்னது பொய் சார்."

"அது விதியில வராது."

"அதான் சார் எழுதியிருக்கேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வயதானவராகத் தெரிந்தார். "நல்ல மருந்து, செல்வி. அது பொய்யில்லை. அதையும் சேர்த்து எரிக்கப் போற." வெளியே போகும்போது கதவைச் சாத்திவிட்டுப் போகச் சொன்னார்.

அவர் சொன்னதும் உண்மைதான். மருந்து நல்ல மருந்து.

பிப்ரவரி 17

அனுப்பிவிட்டேன்.

மார்ச் 3

விசாரணை முடியும்வரை வேலையில் சேர வேண்டாம் என்று தகவல் வந்தது. ஆய்வேட்டின் வாய்மொழித் தேர்வும் தள்ளிப்போயிற்று. விடுதியைக் காலி செய்து சாமான்களை அம்மா வீட்டில் போட்டேன். அம்மா இரண்டு நாளாகப் பேசவில்லை. இன்று தோசை வார்த்துக்கொண்டே, "அந்தப் பொம்பளைக்கு எத்தனை ஆடு செத்துச்சு?" என்று கேட்டாள். சொன்னேன். இன்னொரு தோசை வைத்தாள்.

மார்ச் 23

சம்சுதீன் சார் கீழக்கரிசலில் முகாம் போடப்போவதாகச் சொன்னார். நோயில் தப்பியவற்றுக்கு இனி ஊசி தேவையில்லை; புதிதாக வாங்கியவையும் குட்டிகளும் இருக்கின்றன. "நீயும் வாயேன்" என்றார். தயங்கினேன். "நானும்தான் வந்து போட்டிருக்கணும். உன் சார் பேரைச் சொன்னதும் நின்னுட்டேன். ரெண்டு பேருமே போவோம்."

அரசு மருந்து, ஐஸ் பெட்டி. வேப்பமரத்தடியில் ஆடுகளோடு வரிசை நின்றது. முத்தையா வரவில்லை. நான் ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டு முதல் ஆட்டிடம் போனேன். ஆட்டைப் பிடித்திருந்தவர் சண்முகத்தாய் அக்கா. மகள் வீட்டிலிருந்து ஒரு பெட்டைக்குட்டி கொண்டுவந்திருக்கிறார். என்னைப் பார்த்ததும் குட்டியைத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டார்.

"நீ போடாண்டாம். அவரு போடட்டும்."

கோபமாகச் சொல்லவில்லை. அடுப்பில் பாலைப் பார்த்துக்கொள் என்பதுபோல் சொன்னார். வரிசையில் இருந்த எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஊசியைச் சம்சுதீன் சாரிடம் கொடுத்தேன். முகமெல்லாம் சுட்டது.

ஓரமாகப் போய் நிற்கப் போனேன். "எங்க போற?" என்றார் அக்கா. "அடுத்த ஆட்டைப் பிடி. அவரு ஒத்தையில எத்தனைக்குன்னு போடுவாரு."

பிடித்தேன். முதலில் ஒரு கிடா முட்டியில் இடித்துவிட்டு ஓடியது, இரண்டாவதை இடுக்கிக்கொண்டேன். மதியம்வரை நான் பிடிக்க அவர் போட்டார். கடைசி ஆடு முடிந்ததும் அக்கா சம்சுதீன் சாரை மட்டும் சாப்பிடக் கூப்பிட்டார்.

அவர் வரும்வரை ஜீப்பில் உட்கார்ந்திருந்தேன். புடவையெல்லாம் ஆட்டு வாடை.